நுரை நிக்காத ஆறு போத்தல்

டென்மார்க்குக்கு வந்த முதல் கிழமை நித்திரையோ முழிப்போ எண்டு எனக்கே பிடிபடாத கிழமை. எஸ்பியர்க் பட்டினத்திலை அப்ப பனிப்புகார் மூடுற காலம். விடிய யன்னல் சீலையை விலக்கினால் முன்வீடு இருக்காது. தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்கிடையிலை அது மெல்ல மெல்ல வரும். முதல் புகைக்கூடு, பேந்து கூரை, பேந்து ஒரு சிவத்தக் கதவு. துறைமுகப் பக்கமிருந்து கப்பல் ஊதுற சத்தம் கேக்கும், கப்பல் கண்ணுக்குத் தெரியாது. நான் குசினியிலை அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையிலை கம்பளிச் சட்டையோடை குந்திக்கொண்டு, இது மெய்யாத்தான் வந்து சேந்த இடமோ, இல்லாட்டில் நான் இன்னும் பிளேனுக்குள்ளை நித்திரையோ எண்டு யோசிப்பன்.

வீட்டிலை என்னோடை இருந்தவர் என்ரை மனுசன். அதையும் நான் எனக்கே சொல்லிச் சொல்லித்தான் பழகவேண்டி இருந்தது. கலியாணம் முடிஞ்சு எட்டு மாதம் ஒண்டா இருந்தனாங்கள். பிறகு நாட்டிலை பிரச்சினை முத்த, அவர் வெளிக்கிட்டிட்டார். மூண்டு வரியத்துக்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டவர். ஸ்டேசனிலை வந்து நிண்ட ஆளைப் பாத்தால், மெலிஞ்சு, முன்னந்தலை மயிர் கொட்டுப்பட்டு, ஆரோ ஒருத்தர். என்ரை பெட்டியை வாங்கினார். "பயணம் எப்பிடி?" எண்டார். "பறவாயில்லை" எண்டன். அவ்வளவுதான் கதை. நான் அவற்றை கண்ணை நேரை பாக்கேல்லை, அவரும் என்னைப் பாக்கேல்லை. எட்டு மாதத்திலை போன வெக்கம் மூண்டு வரியத்திலை திரும்பி வந்திட்டுது.

வந்த அண்டைக்கே முகம் கழுவக் குளியலறைக்குப் போனன். மூலையிலை ஒரு பெரிய வெள்ளை வாளி. இறுக்கி மூடின மூடி, மூடிக்கு மேலை வளைஞ்ச கண்ணாடிக் குழாய், குழாய்க்குள்ளை கொஞ்சம் தண்ணி. நான் சவுக்காரத்தை எடுக்கக் கை நீட்ட, அது "புளுக்" எண்டுது. "ஐயோ மாதாவே!" எண்டு கத்தினதிலை சவுக்காரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அவர் ஓடி வந்தார். வாளியைப் பாத்தார், நிலத்திலை கிடந்த சவுக்காரத்தைப் பாத்தார்.

"அது ஒண்டுமில்லை. பீர். நான்தான் செய்யிறனான்."

ஒண்டுமில்லையாம்! பீர் எண்ட சொல்லே எனக்கு ஆகாது.

ஏனெண்டு சொல்லவேணும். என்ரை அப்பா குடிகாரன். இதை எழுத எனக்குக் கை கூசேல்லை, ஊரறிஞ்ச விசயம். அப்பா வாற காலடிச் சத்தத்தை வைச்சே இண்டைக்கு எவ்வளவு உள்ளை போயிருக்குது எண்டு எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் தெரியும். அம்மா எனக்கு மாப்பிள்ளை பாக்கேக்கை சொத்தும் கேக்கேல்லை, உத்தியோகமும் கேக்கேல்லை. "பொடியன் குடிக்கிறவனோ?" எண்டுதான் முதல் கேட்டவ. இவர் கலியாண வீட்டிலைகூட சோடா குடிக்கிற ஆள். அதுக்காகவே என்னைக் குடுத்தவை. நானும் மாதா படத்துக்கு முன்னாலை நிண்டு, குடிக்கிறவனோடை ஒரு நாளும் குடும்பம் நடத்தமாட்டன் எண்டு சொன்னனான். பதினேழு வயசிலை சொன்னது, ஆனால் விளையாட்டுக்குச் சொன்னதில்லை. லண்டனிலை இருக்கிற அண்ணாவின்ரை விலாசத்தை அம்மா ஒரு துண்டிலை எழுதி என்ரை செபப்புத்தகத்துக்குள்ளை வைச்சு விட்டவ. "ஒரு அவசரத்துக்கு" எண்டா. என்ன அவசரம் எண்டு அவவும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை.

அந்தத் துண்டை அண்டைக்குப் பின்னேரமே எடுத்துப் பாத்தன்.

அந்தக் கிழமை முழுக்க வாளி குளியலறையிலை இருந்து கதைச்சுக்கொண்டே இருந்தது. புளுக். கொஞ்ச நேரம் ஒண்டுமில்லை. புளுக். அவர் விடியப்புறம் மீன் தொழிற்சாலைக்குப் போயிடுவார். நான் வெங்காயம் வெட்டேக்கை புளுக். நான் செபமாலை உருட்டேக்கை புளுக். அருள்நிறைந்த மரியே, புளுக். எனக்கெண்டால் பத்திக்கொண்டு வரும். பகலிலை அந்த வீட்டிலை வேறை ஒரு சத்தமும் இல்லை. சுவரெல்லாம் வெள்ளை, வெளியிலை புகார், உள்ளுக்கை நானும் அந்தச் சனியன் வாளியும்.

இன்னொரு கோவமும் இருந்தது. ஊரிலையிருந்து சுமந்துகொண்டு வந்த தூளிலை மீன் குழம்பு வைச்சன், பருப்புக் கடைஞ்சன், முட்டை பொரிச்சன். மனுசன் சாப்பிட்டார், சாப்பிட்ட கோப்பையைக் கழுவினார், ஒரு சொல்லில்லை. நல்லாயிருக்கு எண்டும் இல்லை, உப்புக் கூட எண்டும் இல்லை. ஒரு நாள் வேணுமெண்டே கொஞ்சம் கருகவிட்டுக் குடுத்தன். அதையும் சாப்பிட்டார். சரி, பீருக்குப் பழகின வாய்க்குக் குழம்பு எங்கை பிடிக்கப்போகுது எண்டு நானே தீர்ப்புச் சொல்லிப்போட்டன்.

ரெண்டாம் கிழமைச் சனிக்கிழமை வாளி அடங்கிச்சுது. காலமை முழுக்க ரெண்டு தரம்தான் சத்தம் வந்தது. அவர் குழாயைக் குனிஞ்சு பாத்திட்டு, "சரி, இண்டைக்குப் போத்தல் பாக்கவேணும். நீரும் வாரும்" எண்டார்.

நான் வந்த பிறகு அவர் என்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். போகாமல் இருக்க மனம் வரேல்லை.

குசினி நிலத்திலை பேப்பர் விரிச்சு, யன்னலுக்குக் கீழை போத்தலுகளை நிரையா வைச்சிருந்தார். அறுபது எழுபது இருக்கும். பாதி அவரோடை வேலை செய்யிற டெனிஸ்காரர் ஒருத்தர் பெட்டியோடை குடுத்தது. மற்றப் பாதி மேல்மாடி அண்ணையின்ரை. மேல்மாடி அண்ணை எண்டது மன்னார்ப் பக்கத்து ஆள், எங்களுக்கு மேலை தனிய இருந்தவர். வாயாலை வெட்டி விழுத்துவார், குணம் தங்கம்.

அவர் ஒரு போத்தலைத் தூக்கி யன்னல் வெளிச்சத்துக்குப் பிடிச்சார்.

"இஞ்சை பாரும், வெள்ளைப் போத்தல் சரிவராது. வெளிச்சம் பட்டால் பீர் கெட்டுப்போகும். பச்சையும் அவ்வளவு நல்லதில்லை. மண்ணிறம்தான் வேணும். உள்ளுக்கை காஸ் ஏறும், மெல்லிய கண்ணாடி எண்டால் வெடிச்சுப்போடும். தூக்கிப் பாத்தால் பாரமா இருக்கவேணும். பெருவிரலாலை வாயைச் சுத்தித் தடவவேணும், துளி உடைவு இருந்தாலும் மூடி பிடிக்காது."

அவ்வளவு நீளத்துக்கு அவர் கதைச்சு நான் கேக்கேல்லை. சும்மா சொல்லக்கூடாது, கேக்க நல்லாத்தான் இருந்தது. அண்டைக்குப் புகார் விலகி, வெயில் எண்டு சொல்லக்கூடிய ஒரு சாமான் வந்திருந்தது. தண்ணி கலந்த பால் மாதிரி ஒரு வெயில். அவர் ஒவ்வொரு போத்தலாத் தூக்கித் திருப்பத் திருப்ப, மண்ணிற வெளிச்சம் அவற்றை முகத்திலை, சேட்டிலை, பின்னாலை சுவரிலை எல்லாம் மெல்ல ஓடிச்சுது. நானும் ஒண்டைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சன். போத்தலுக்குள்ளாலை அவரைப் பாத்தன். சின்னனாத் தெரிஞ்சார், தேன் நிறத்திலை, நெத்தி சுருக்கிக்கொண்டு. நேரை பாக்க முடியாத ஆளை அப்பிடி நான் எவ்வளவு நேரம் பாத்தனோ தெரியாது. கலியாண வீட்டிலை சோடாக் கிளாஸோடை நிண்டவர் அதுக்குள்ளை இருந்தார்.

"கடைசியா மணம் பாக்கவேணும்" எண்டார். "அதுதான் முக்கியம். எண்ணெய் இருந்த போத்தல் எண்டால் என்ன கழுவினாலும் லேசிலை போகாது. அதுக்குள்ளை விட்டால் நுரை நிக்காது, பீர் செத்துப்போகும். மேல்மாடி அண்ணையின்ரை போத்தலுகளிலைதான் எனக்குச் சந்தேகம்."

சந்தேகம் சரிதான். எங்கடை ஆக்களுக்கு வெறும் போத்தலைக் கண்டால் கை சும்மா இருக்காது. டெனிஸ்காரன் குடிச்சு முடிச்சால் போத்தலைக் கடைக்குத் திருப்பிக் குடுப்பான். அண்ணை அதுக்குள்ளை லண்டனிலையிருந்து வந்த நல்லெண்ணெய், தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய், மீன் பொரிச்சு மிஞ்சின எண்ணெய் எண்டு எல்லாத்தையும் விட்டுக் கழுத்திலை நூல் கட்டிக் குசினியிலை தொங்கவிட்டிருப்பார். பீர்ப் போத்தலுக்குள்ளை நல்லெண்ணெய் இருக்கும் எண்டு இவருக்குப் பீர் காய்ச்சப் பழக்கின டெனிஸ்காரன் கனவிலையும் நினைச்சிருக்கமாட்டான்.

"நீர் மோந்து பாத்துச் சொல்லும்" எண்டார்.

"ஏன், உங்களுக்கு மூக்கில்லையோ?"

பகிடிக்குத்தான் கேட்டன். அவர் போத்தலைக் கீழை வைச்சார்.

"இல்லை. முதல் மாரியிலை ஒரு காய்ச்சல் வந்தது. போகேக்கை மூக்கையும் கொண்டு போயிட்டுது. ஒரு மணமும் தெரியாது. உமக்குச் சொல்லவேணும் எண்டுதான் இருந்தனான்." கொஞ்சம் சிரிச்சார். "இந்த ஊரிலை மீன் அரைக்கிற நாளிலை மூக்கில்லாதவன் பாக்கியவான் எண்டு அண்ணை சொல்லுறவர்."

எனக்கு அது சரியா உள்ளை இறங்கேல்லை. மூக்கில்லாட்டில் குழம்பு எப்பிடி ருசிக்கும் எண்டு நான் யோசிச்சிருக்கவேணும். யோசிக்கேல்லை. நான் கேட்டது வேறை.

"எத்தினை போத்தல் வேணும்?"

"ஒரு நாப்பது."

நாப்பது! ஒரு மனுசனுக்கு நாப்பது போத்தல்! என்ரை அப்பாவுக்கே இவ்வளவு வைச்சுக் குடிக்க வசதி வரேல்லை. தேன் நிறத்திலை தெரிஞ்ச ஆள் அந்த நிமிசமே காணாமல் போனார்.

நான் போத்தலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனன். நல்லெண்ணெய். மூக்கிலை அடிக்குது.

"மணமில்லை" எண்டன்.

அவர் அதை வாங்கி நல்ல போத்தலுகளோடை வைச்சார். ஒரு சந்தேகமும் படேல்லை. நான் சொன்ன உடனை வைச்சார், அதுதான் எனக்குப் பிறகு நெடுகக் குத்தினது. பொரிச்ச எண்ணெய் மூண்டு, நல்லெண்ணெய் ரெண்டு, தேங்காயெண்ணெய் ஒண்டு. ஆறு போத்தலுக்கு நான் பொய் சொன்னன். இடைக்கிடை மெய்யும் சொன்னன். "இது வேண்டாம், மணக்குது" எண்டு ஒண்டு ரெண்டைத் தள்ளியும் வைச்சன். பொய் சொல்லுறதுக்கு எனக்கு ஆரும் பழக்கேல்லை, தானா வந்தது. பீர் பழுதாய்ப் போனால் ஆசை விட்டிடும் எண்டு நினைச்சன். விடாட்டில் அண்ணாவின்ரை விலாசம் இருக்கு.

எல்லாத்தையும் சுடுதண்ணியாலை அலசி, ஒவ்வொண்டிலையும் கொஞ்சம் சீனி போட்டு, பீரை விட்டு, மூடி அடிச்சம். நான் போத்தலைப் பிடிக்க அவர் மூடி அடிக்கிற கருவியின்ரை கைப்பிடியை அமத்துவார். கடைசிப் போத்தலையும் அலுமாரிக்குள்ளை அடுக்கிக் கதவைச் சாத்திப்போட்டு அவர் கையைத் துடைச்சார்.

"மூண்டு கிழமை இருக்கவேணும். மூண்டாம் சனிக்கிழமை பின்னேரம் ஆக்களைக் கூப்பிட்டிருக்கிறன். தொழிற்சாலைப் போர்மனும் மனுசியும், என்னோடை வேலையிலை நிக்கிற ரெண்டு பேர், மேல்மாடி அண்ணை."

"என்ன விசேசம்?"

"நீர் வந்ததுதான். மூண்டு வரியமா என்ரை மனுசி வருவா, வருவா எண்டு சொல்லி அவையின்ரை காதைத் திண்டனான். ஒருத்தரும் நம்பேல்லை."

நான் அலுமாரிக் கதவைப் பிடிச்சபடி நிண்டன்.

பிறகு வந்த நாளுகளை நினைச்சால் இப்பவும் எனக்கு அந்த அலுமாரிதான் கண்ணுக்கு முன்னாலை வருது. அவர் வேலைக்குப் போனாப்பிறகு கதவைத் திறந்து பாப்பன். நாப்பது போத்தல், ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே மூடி. அதிலை எது அந்த ஆறு? அடுக்கேக்கை எங்கை வைச்சம் எண்டு ஞாபகமில்லை. மூடிக்கு மேலாலை மோந்து பாத்தன், தகர மணம்தான் வந்தது. திறந்து பாத்தால் காஸ் போயிடும், போத்தல் வீண். வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தன். அடியிலை ஈஸ்ட் வெள்ளையா உறைஞ்சு கிடந்தது, மற்றது எல்லாம் அமைதி. கன நேரம் அப்பிடியே நிண்டு, குளிர்ந்த போத்தலைக் கன்னத்திலை வைச்சுக்கொண்டு, நான் ஏன் இந்த வீட்டிலை நிக்கிறன் எண்டதையும் மறந்துபோவன்.

அவருக்குச் சொல்லிப்போடவேணும் எண்டு ஒவ்வொரு நாளும் நினைப்பன். அவர் வந்து சப்பாத்தைக் கழட்டுவார், நான் தேத்தண்ணி போடப் போயிடுவன்.

ஒரு நாள் வேலையாலை வந்தவரைக் காணேல்லை எண்டு பாத்தால், குளியலறையிலை தொட்டி விளிம்பிலை இருக்கிறார். முன்னாலை வெறும் வாளி, கழுவிக் கவிழ்த்து வைச்சது.

"என்ன செய்யிறியள்?"

"ஒண்டுமில்லை. சத்தம் நிண்டுபோச்சு. அதுதான்."

நான் கதவிலை சாஞ்சு நிண்டன். அவர் வாளியைப் பாத்துக்கொண்டே சொன்னார்.

"முதல் மாரி நான் இஞ்சை தனிய. வெளியிலை பனி. கதவைத் திறந்தால் வீட்டிலை ஒரு சத்தமில்லை. ரேடியோ போட்டால் விளங்காத பாசை, அது இன்னும் தனிய இருக்கிற மாதிரி. தொழிற்சாலையிலை ஒருத்தன் இந்த வாளியைத் தந்தான், சும்மா செய்து பார் எண்டு. வைச்ச மற்ற நாள் வேலையாலை வந்து கதவைத் திறக்கிறன், உள்ளையிருந்து ஒருத்தன் புளுக் எண்டுறான். எனக்குச் சிரிப்பும் வந்திட்டுது, அழுகையும் வந்திட்டுது. வீட்டிலை ஆள் இருக்கிற மாதிரி. அண்டையிலையிருந்து ஒண்டு முடிய ஒண்டு வைக்கிறனான்."

"வைச்சுக் குடிக்கிறியள்."

"ஆர், நானோ? மணம் தெரியாதவனுக்குப் பீர் வெறும் கசப்புத் தண்ணியெல்லோ. எல்லாம் அவங்களுக்குத்தான் குடுக்கிறனான். எனக்கு வாயிலை எது வைச்சாலும் ஒண்டுதான். உம்முடைய குழம்பும் அப்பிடித்தான்." அப்பதான் என்னைப் பாத்தார், பாத்திட்டு உடனை வேறை பக்கம் திரும்பினார். "நீர் அவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சிறீர், எனக்கு உறைப்பு மட்டும்தான் தெரியுது. அதை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல்தான் பேசாமல் இருந்தனான்."

நான் குசினிக்குள்ளை போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதன். மணமில்லாத மனுசன் எதைக் குடிச்சு எந்த வெறி காணப்போறார்? எனக்கு மூக்கிருந்து என்ன, மூளை இருக்கேல்லையே! மூண்டு வரியம் தனிய இருந்த மனுசன், எனக்காக நாலு பேரைக் கூப்பிட்டு, என்ரை மூக்கை நம்பிப் போத்தல் அடைச்சிருக்கிறார். அதிலை ஆறு நஞ்சை நான் வைச்சிருக்கிறன். அவர் தலை குனிஞ்சு நிக்கப்போறார், அதுவும் என்ரை வரவேற்பிலை. அப்பவும் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. சொன்னால் அந்தத் தொட்டி விளிம்பிலை இருந்து என்னோடை கதைச்ச ஆள் திரும்பக் கதைக்கமாட்டார் எண்டு பயந்தன்.

சனிக்கிழமை வந்தது. டெனிஸ்காரர் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிசம் பிந்தாமல், பூவும் கையுமா வந்திச்சினம். போர்மன் வாசல் நிலையிலை தலை முட்டுற உயரம். அவற்றை மனுசி என்ரை ரெண்டு கையையும் பிடிச்சு என்னவோ சொன்னா, முகத்தைப் பாக்க நல்லாத்தான் சொல்லுறா எண்டு விளங்கிச்சுது. மேல்மாடி அண்ணை வடைத் தட்டுக்குக் கிட்ட இடம் பிடிச்சிட்டார்.

என்ரை மனுசன் போத்தலுகளைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சுத் திறக்கிற கருவியை எடுத்தார். எப்பிடி வந்ததோ தெரியாது, சட்டெண்டு எழும்பினன்.

"இஞ்சேருங்கோ, இவைக்குச் சொல்லுங்கோ. எங்கடை வழக்கப்படி வீட்டுக்காரிதான் ஒவ்வொரு போத்தலையும் முதல் மோந்து பாத்து, வாழ்த்திக் குடுக்கிறது."

அண்ணையின்ரை வடை பாதி வழியிலை நிண்டுது. "எந்த ஊர் வழக்கம் பிள்ளை இது?"

"எங்கடை ஊர்" எண்டு அவரைப் பாத்து முழிசினன்.

என்ரை மனுசன் ஒரு கணம் என்னைப் பாத்தார். பிறகு டெனிஸிலை அப்பிடியே சொன்னார், முகத்திலை ஒரு சுழிப்பில்லை. அவையளுக்கு அது பெரிய பிரியம். போர்மன்ரை மனுசி கையைக் கட்டிக்கொண்டு, கோயிலிலை இருக்கிற மாதிரி நிமிந்து இருந்தா.

நான் ஒவ்வொண்டா மோந்தன். நல்லது. கண்ணை மூடி வாய்க்குள்ளை அருள்நிறைந்த மரியே சொல்லிக் குடுத்தன். கிளாஸிலை விட்டால் வெள்ளை நுரை இதமா எழும்பி நிண்டுது. அடுத்தது நல்லது. அடுத்தது பொரிச்ச எண்ணெய். அதை மெல்ல எனக்குப் பக்கத்திலை வைச்சன், இது வீட்டுக்காரியின்ரை பங்கு எண்டு. பிறகு தேங்காயெண்ணெய். அதுவும் என்ரை பங்கு. அண்ணை பாத்துக்கொண்டே இருந்தார். "பிள்ளைக்கு நல்ல தாகம் போலை" எண்டார். வடையை வாய்க்குள்ளை வைக்கச் சொல்லிக் கண்ணாலை காட்டினன். எல்லாருக்கும் விட்டு முடிய எனக்குப் பக்கத்திலை அஞ்சு போத்தல். ஆறாவதைக் காணேல்லை. சரி, அலுமாரியிலை கிடக்கும், மாதா காப்பாத்திப்போட்டா எண்டு மூச்சு விட்டன்.

போர்மன் எழும்பினார். என்னைக் காட்டி நாலு சொல் சொல்லிக் கிளாஸைத் தூக்கினார். "ஸ்கோல்!" எல்லாரும் தூக்கிச்சினம். எனக்கும் ஒரு கிளாஸ் வேணும் எண்டு நிண்டிச்சினம். வேறை வழியில்லை, பக்கத்திலை இருந்ததிலை ஒண்டைக் கிளாஸிலை ஊத்தித் தூக்கினன். அப்பதான் என்ரை மனுசன் மெல்லச் சொன்னார்: "சும்மா குடிக்கேலாது. இவையின்ரை வழக்கம், ஒவ்வொருத்தற்றை கண்ணையும் பாக்கவேணும். பாத்துப்போட்டுத்தான் குடிக்கிறது."

போர்மன்ரை கண் நீலம். மனுசியின்ரை கண் சாம்பல். அண்ணையின்ரை கண்ணிலை கேள்வி. கடைசியா அவர் பக்கம் திரும்பினன். முதல் பட்டது அவற்றை கிளாஸ். விருந்தாக்களுக்கெல்லாம் குடுத்து முடிய, தனக்கு எண்டு மிஞ்சினதைத் தானே திறந்து விட்டிருக்கிறார். அதிலை நுரை இல்லை. ஒரு பொட்டு நுரை இல்லை, மேலை கண் கண்ணா எண்ணெய் மினுங்குது.

அவரும் தன்ரை கிளாஸைப் பாத்தார். பிறகு என்ரை கிளாஸைப் பாத்தார், அதிலையும் நுரையில்லை. எனக்குப் பக்கத்திலை நிரையா நிக்கிற போத்தலுகளைப் பாத்தார். பிறகு என்ரை கண்ணைப் பாத்தார்.

வந்து அஞ்சு கிழமையிலை, அப்பதான் முதல் தரம் நாங்கள் ரெண்டு பேரும் நேருக்கு நேர் பாத்தது. தப்ப இடமில்லை. அவருக்கு விளங்கியிட்டுது எண்டு எனக்கு விளங்கியிட்டுது. எனக்குக் கண் நிறைஞ்சு வழிஞ்சுது, நான் துடைக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"ஸ்கோல்" எண்டார் அவர். முழுக் கிளாஸையும் ஒரே மூச்சிலை குடிச்சார். நானும் குடிச்சன். வாழ்க்கையிலை நான் குடிச்ச முதல் பீர், அதிலை நல்லெண்ணெய் மணம், தொண்டையாலை இறங்கமாட்டன் எண்டு நிண்டுது. டெனிஸ்காரர் கை தட்டிச்சினம். சந்தோசத்திலை அழுறா எண்டு போர்மன்ரை மனுசியும் சேந்து அழுதா.

எல்லாரும் போனாப்பிறகு, நான் குடிச்சது போக நாலு போத்தல் மேசையிலை மிச்சம். நான் ஒரு மூச்சிலை எல்லாத்தையும் சொல்லிக் கொட்டினன். அப்பாவை, மாதா படத்தை, செபப்புத்தகத் துண்டை, நாப்பது எண்ட உடனை வந்த பயத்தை, எல்லாத்தையும். அவர் போத்தலுகளை ஒவ்வொண்டாக் கழுவுத்தொட்டியிலை ஊத்திக்கொண்டு கேட்டார்.

"ஆறும் வேணுமெண்டேதான்?"

"ஓம். ஆறும்."

"நான் குடிச்சதிலை என்ன இருந்தது? எனக்குத் தெரியேல்லை."

"மீன் பொரிச்ச எண்ணெய்."

அவர் தொட்டிப் பக்கம் குனிஞ்சார். தோள் ஆடிச்சுது. அழுறார் எண்டு நினைச்சுப் பயந்து கிட்டப் போனால், மனுசன் சிரிக்கிறார். சிரிச்சுச் சிரிச்சு கழுவுத்தொட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். பிறகு சிரிப்பு நிண்டுது. "என்னட்டைக் கேட்டிருக்கலாம் நீர்" எண்டார். அது அடி வாங்கினதிலும் மோசமா இருந்தது. "ஓம், கேட்டிருக்கவேணும்" எண்டன். அண்டைக்கு நாங்கள் கதைக்கத் தொடங்கினது, கன கிழமை நிப்பாட்டேல்லை.

அதுக்குப் பிறகு வாளி கவிழ்த்தபடியே கிடந்தது. ஒரு கிழமை போச்சுது, ரெண்டு கிழமை போச்சுது. நான்தான் கேட்டன்.

"ஏன் வைக்கேல்லை?"

"எனக்கு இனி என்னத்துக்கு? கதவைத் திறந்தால் நீர் இருக்கிறீர்."

"உங்களுக்கு நான் இருக்கிறன், சரி. நீங்கள் விடியப் போனால் பின்னேரம் வரைக்கும் எனக்கு ஆர் இருக்கினம்?"

அவர் என்னை நேரை பாத்தார். அடுத்த நாள் வேலையாலை வரேக்கை பீர் காய்ச்சிற மால்ட் பாகுத் தகரம் ஒண்டைக் கையிலை கொண்டு வந்தார். வாளி திரும்பவும் மூலையிலை இருந்து கதைச்சுது. நான் வெங்காயம் வெட்டேக்கை புளுக். இந்த முறை நானும் அதோடை கதைச்சன்.

அது அடங்கின சனிக்கிழமை குசினியிலை பேப்பர் விரிச்சு, யன்னலுக்குக் கீழை ரெண்டு பேரும் இருந்தம். வெளியிலை புகார், முன்வீடு இல்லை. அவர் ஒரு போத்தலை வெளிச்சத்துக்குப் பிடிச்சுத் திருப்பினார், பெருவிரலாலை வாயைத் தடவினார், என்ரை மூக்குக்குக் கிட்ட நீட்டினார்.

"எப்பிடி?"

"நல்லெண்ணெய்" எண்டன். "அதை அங்காலை வையுங்கோ."